கேம்கார்டர் எதைத் தூக்கிப்போடுகிறது?

ஒரு மேடை நாடகத்தைப் படம்பிடித்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது வீட்டு உபயோகத்துக்கான சின்ன எச்டி கேம்கார்டர். ஒன்றரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிக் காட்சியில் மேலே இருந்து வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டினார்கள். அரங்கமே கைதட்டியது. நல்ல ஷாட் கிடைத்துவிட்டது என்று எனக்கும் குஷி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், காகிதம் விழத் தொடங்கிய நொடியிலிருந்து படம் சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்தது. நடுவில் அசையாமல் நின்ற நடிகையின் முகம்கூட உருகிய மெழுகுபோல வழவழத்துப் போயிருந்தது. ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. பிறகு அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். எச்டி படத்தின் ஒரு ஃப்ரேமில் குறுக்கே 1920 பிக்சல், மேலிருந்து கீழே 1080 பிக்சல். மொத்தம் சுமார் 20.7 லட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பிட். நொடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1,240 மெகாபிட் வருகிறது. என் கேமரா கார்டில் எழுதியதோ நொடிக்கு 24 மெகாபிட். ஐம்பதில் ஒரு பங்குதான். மீதி 49 பங்கையும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது கழித்துக் கட்டிவிட்டது.

தொலைக்காட்சி நிலையத்தின் பட்ஜெட் இல்லாமல், ஆனால் காசு வாங்கிக்கொண்டு வீடியோ எடுத்துத் தருகிறவர்கள் கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் விசாரிப்பது வேறு. இந்தப் பெட்டிக்குள் வரும் வெளிச்சம் கார்டில் போய்ச் சேர்வதற்குள் எந்தெந்த இடத்தில் எவ்வளவு பறிபோகிறது?

முதலில் பறிபோவது நிறம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் இல்லை. கேமரா இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்களை ஒரு கட்டமாக எடுத்து, வெளிச்சத்தை நான்கிலும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்குக்கும் சேர்த்து ஒன்றாக எழுதிவிடும். விவரக்குறிப்பில் 4:2:0 என்று போட்டிருப்பது இதைத்தான். இதிலேயே தகவல் பாதியாகிவிடுகிறது, பார்ப்பவருக்கும் தெரியாது. பச்சைத் திரை முன்னால் ஆளை நிறுத்தி, பின்னணியை மாற்றப் பார்த்தால்தான் குட்டு உடையும்: தலைமுடியின் ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும். 4:2:2 என்று எழுதியிருக்கும் கேமராக்கள் நிறத்தை இதைப்போல் இரண்டு மடங்கு வைத்திருக்கும். பச்சைத் திரை வேலையோ, எடிட்டிங்கில் நிறத்தை நிறையத் திருத்தும் வேலையோ இருந்தால் இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அடுத்து வருவதுதான் பெரிய வெட்டு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே மாறுவது அவருடைய உதடும் கண்ணும் கையும்தான். சுவர் அப்படியே இருக்கிறது. எனவே கேமரா ஒரு ஃப்ரேமை முழுசாக எழுதிவிட்டு, தொடர்ந்து வரும் ஃப்ரேம்களில் “இந்தக் கட்டம் வலது பக்கம் 3 பிக்சல் நகர்ந்தது, அந்தக் கட்டத்தில் மாற்றம் இல்லை” என்று குறிப்பு மட்டும் எழுதுகிறது. அரை நொடிக்கு ஒருமுறையோ என்னவோ மறுபடி ஒரு முழு ஃப்ரேம். மெகாபிட் கணக்கு இதில்தான் தரைமட்டத்துக்கு இறங்குகிறது.

இப்போது அந்தக் காகிதத் துண்டுகளுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் சுழல்கிறது, சுழலும்போதே மின்னுகிறது, நிறம் மாறுகிறது. முந்தைய ஃப்ரேமைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. ஆனால் செலவழிக்க இருப்பது அதே 24 மெகாபிட். குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்தால் எல்லோருடைய தட்டிலும் சோறு குறைகிற மாதிரி, காகிதம் தின்றதுபோக மிச்சம்தான் நடிகையின் முகத்துக்குக் கிடைத்தது. ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் மரம், புகையில் மின்னும் மேடை விளக்கு எல்லாம் இதே ரகம்தான்.

இந்த 24 என்ற எண்ணுக்கு ஒரு பின்கதை உண்டு. 2003இல் வந்த எச்டிவி (HDV) வகைக் கேமராக்கள் பழைய டிவி (DV) வகை வீடியோ கேசட்டிலேயே எச்டியைப் பதிந்தன. அந்தக் கேசட்டில் நொடிக்கு 25 மெகாபிட்தான் ஓடும். அதற்குள் அடக்க வேண்டும் என்பதற்காக 1920 பிக்சல் அகலத்தை 1440ஆகச் சுருக்கினார்கள். 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற முறையைக் கொண்டுவந்தன. அதன் உச்சவரம்பு 24 மெகாபிட். 2011இல் அது 28 ஆனது. எண் ஏறக்குறைய அதேதான், ஆனால் உள்ளே சுருக்கும் கணக்கு மாறிவிட்டது: எச்டிவியில் எம்பெக் 2, ஏவிசிஎச்டியில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான எச்.264. ஆகவே மெகாபிட் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிடக் கூடாது. எச்.264 முறையில் 50 மெகாபிட் என்றால் எச்டிக்குத் தாராளம். அதே 50 எம்பெக் 2இல் என்றால் பரவாயில்லை ரகம்.

கார்டு விஷயத்தில் பிட்டும் பைட்டும் குழம்பி வீணாகச் செலவு செய்கிறவர்கள் அதிகம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 24 மெகாபிட் என்பது நொடிக்கு 3 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. 100 மெகாபிட்டில் எடுத்தாலும் 12.5 மெகாபைட்தான். கார்டில் வி30 என்ற குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று அர்த்தம், அது போதும். பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். படம்பிடிக்க அது உதவாது. கார்டுக்கு இரண்டு இடம் இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதி கேமராவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி நடத்த முடியாத நிகழ்ச்சிக்கு அது இல்லாமல் நான் போவதில்லை.

சரி, சுருக்குவதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாருக்கு வருவோம். 1/3 அங்குலம், 1 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் 1 அங்குல சென்சாரின் மூலைவிட்டம் 25.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பதோ 16 மில்லிமீட்டர். இந்த அங்குலக் கணக்கு பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டம். குழாய் போய்ப் பல காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பளவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 1/3 அங்குலம் என்பது 4.8க்கு 3.6 மில்லிமீட்டர், 1 அங்குலம் என்பது 13.2க்கு 8.8. பரப்பில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

ஏழு மடங்கு பரப்பு என்றால், அதே காட்சியில், லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எஃப் எண்ணும் ஒன்றாக இருந்தால், ஏழு மடங்கு ஒளித்துகள்கள். ஒளித்துகள்கள் வரிசையில் நின்று சீராக வருவதில்லை, மழைத்துளி மாதிரி தாறுமாறாக விழுகின்றன. சராசரியாக 100 விழ வேண்டிய ஒரு பிக்சலில் ஒரு ஃப்ரேமில் 90 விழும், அடுத்ததில் 110 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும். 100க்கு 10, அதாவது 10 சதவீதம். 700 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 26. அது 4 சதவீதத்துக்கும் கீழே. மங்கலான மேடையில் படத்தின் மேல் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிற புள்ளிகளில் பெரும்பங்கு இதுதான். கெயினை, அதாவது சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, 18 டெசிபெல் ஏற்றினால் சமிக்ஞை 8 மடங்கு பெரிதாகும், எறும்பும் 8 மடங்கு பெரிதாகும்.

அந்த எறும்புகளையும் கேமரா சுருக்கித்தானே எழுத வேண்டும்? அவை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுகின்றன, எதையும் ஊகிக்க முடியாது. இருட்டில் எடுத்த படத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு காகிதத் துண்டு. சின்ன சென்சாரும் நொடிக்குக் குறைந்த மெகாபிட்டும் ஒரே கேமராவில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இதனால்தான் குறைந்த வெளிச்ச வேலை உள்ளவர்களுக்கு 1/3 அங்குலம் வேண்டாம் என்கிறேன். விளம்பரத் தாளில் 1 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று இருந்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் ஷட்டரை மெதுவாக்கி, கெயினை உச்சத்தில் வைத்து அளந்த எண் அது.

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள்: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. விடுபட்ட நிறங்களைக் கேமரா அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. இங்கேதான் 4கே கேமரா எச்டி வேலைக்கும் கைகொடுக்கிறது. 3840க்கு 2160 என்பது எச்டியைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒரு எச்டி பிக்சலின் இடத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று நிஜமான நான்கு அளவீடுகள் கிடைத்துவிடுகின்றன. 4கேயில் 4:2:0ஆகப் பதிந்திருந்தாலும், எச்டியாகச் சுருக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறம் கணக்காக மிஞ்சும். வாடிக்கையாளர் எச்டிதான் கேட்கிறார் என்றாலும் 4கேயில் எடுத்து எச்டியாகக் கொடுப்பது வெட்டி பந்தா இல்லை.

வெளிச்சம் குறைந்தால் ஒரு தொல்லை, கூடினால் வேறு தொல்லை. வெயிலில் கேமரா லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கிவிடும். துளை சிறுத்தால் ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவி, ஒரு புள்ளி வட்டமாகப் பூத்துவிடும். எஃப் 11இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 1/3 அங்குல எச்டி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 2.5 மைக்ரான்தான். ஆறு பிக்சல் அகலத்துக்கு எல்லாம் கலங்கிப்போகும். ஷட்டர் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கலாமா என்றால், 1/2000 நொடியில் எடுத்த நடை வெட்டி வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு 1/50தான் கண்ணுக்கு இதமானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் விளக்கு துடிப்பதும் அந்த வேகத்தில் தெரியாது. இதற்கெல்லாம் மருந்து என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்குப் போடும் குளிர்க்கண்ணாடி. நல்ல கேம்கார்டர்களில் வெளிச்சத்தை 1/4, 1/16, 1/64 பங்காகக் குறைக்கிற மாதிரி உள்ளேயே வைத்திருப்பார்கள், ஒரு சக்கரத்தைத் திருப்பினால் போதும். என்னைக் கேட்டால் 20 மடங்கு ஜூமைவிட இந்தச் சக்கரம் முக்கியம்.

வேகமாகச் சுழலும் மின்விசிறியின் இறக்கை வீடியோவில் அரிவாள் மாதிரி வளைந்து தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். இன்றைய சென்சார்கள் பெரும்பாலும் ஒரு ஃப்ரேமை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. பக்கத்தில் புகைப்படக்காரர் ஃப்ளாஷ் அடித்தால் ஃப்ரேமின் பாதி மட்டும் வெளுத்துப்போவதும் இதனால்தான்.

புகைப்படக் கேமராவிலேயே வீடியோ எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம், பின்னணி மங்கலாகி அழகாகவும் இருக்கும். ஆனால் பெரிய சென்சாரின் அந்த மங்கல், ஆள் ஓரடி முன்னால் வந்தாலே அவர் முகத்துக்கும் வந்துவிடும். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் ஓடும் நிகழ்ச்சிக்குச் சில கேமராக்கள் சூடாகி நின்றுவிடும். பல பழைய மாடல்கள் 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நிற்கும். அது தொழில்நுட்பக் கோளாறு கிடையாது: 30 நிமிடம் தொடர்ந்து பதிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய சுங்கக் கணக்கில் அது வீடியோ கேமரா ஆகிவிட்டது, வரி கூடியது.

அப்புறம் ஒலி. அந்த நாடகத்தன்று இன்னொரு தப்பும் செய்திருந்தேன். சாதாரண மைக் ஒயரைப் பத்து மீட்டர் நீட்டி, விளக்குகளுக்குப் போகும் மின்கம்பிகளோடு சேர்த்தே இழுத்துவிட்டேன். முழு நாடகத்துக்கும் பின்னால் ஒரு வண்டு ரீங்காரமிட்டது. மூன்று முனை எக்ஸ்எல்ஆர் ஒயரில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஒட்டும் ரீங்காரம் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். கேமரா ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது ரீங்காரம் அடிபட்டுப்போய், ஒலி இரட்டிப்பாகிறது. மூன்றாவது முனை தரை இணைப்பு. இந்தச் சாக்கெட் இல்லாத கேமராவைக் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் சொந்த கார்டைக் கொண்டுபோங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு முகத்தை ஒரு நிமிடம் எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால், முழு ஜூமில் அதன் இலைகளை ஒரு நிமிடம். ஓடும் மின்விசிறியை ஒரு நிமிடம். முடிந்தால் யாரையாவது காகிதத்தைக் கிழித்து முகத்துக்கு முன்னால் தூவச் சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் என் நடிகையின் முகம்கூடத் தெளிவாகத்தான் தெரிந்தது.