டர்போவின் நத்தைக்கூடு: ஹவுசிங், ஏ/ஆர், பிளாஞ்ச்

டர்போ லத்தீன் சொல். பம்பரத்துக்கும் சூறைக்காற்றுக்கும் அந்த மொழியில் இதே பெயர்தான். பிரெஞ்சுப் பொறியாளர் குளோது பூர்தேன் 1822இல் இதிலிருந்து 'டர்பைன்' என்ற பெயரை உண்டாக்கினார். தமிழில் அதற்குச் 'சுழலி' நிலைத்துவிட்டது. எஞ்சின் வெளியேற்றும் புகையாலேயே சுழலியை ஓட்டி, அதே தண்டில் இருக்கும் காற்றழுத்தியால் எஞ்சினுக்குக் கூடுதல் காற்று ஊட்டும் அமைப்புக்குச் சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் புக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். டர்போசார்ஜரில் 'சார்ஜ்' என்பது சிலிண்டரை நிரப்பும் காற்றைக் குறிக்கிறது. மின்னேற்றம் என்று பெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். 'சுழலூட்டி' நன்றாகப் பொருந்தும். பட்டறையில் டர்போ என்றே புழங்கட்டும்.

சக்கரத்தைச் சூழ்ந்த வார்ப்புப் பகுதியான 'ஹவுசிங்' என்பதை 'உறை' என்று எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தலையணை உறைபோல மூடி வைப்பது மட்டும் அதன் வேலையாக இருந்தால் எந்த உறையும் போதும். சுழலியின் ஹவுசிங்கில் புகை அகன்ற வாயில் நுழைகிறது. சக்கரத்தைச் சுற்றி வரவர வழி குறுகுகிறது. வேகமெடுத்த புகை சுற்று முழுவதும் சக்கரத்தின் மேல் பாய்கிறது. நத்தைக்கூட்டை நெடுக அறுத்துப் பார்த்தால் இதே வடிவம் தெரியும். ஆகவே 'கூடு': சுழலிக்கூடு, அழுத்திக்கூடு.

கூட்டின் அளவு என்றால் வெளிப்பருமன் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. வார்ப்பின்மேல் 'ஏ/ஆர் .63' என்று புடைத்திருக்கும் எண்ணே அளவு. ஏ என்பது புகைவழியின் குறுக்குவெட்டுப் பரப்பு. ஆர் என்பது தண்டின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் வரை உள்ள தூரம். சுற்றில் எங்கே வெட்டினாலும் இந்த விகிதம் மாறாதபடி கூட்டை வார்க்கிறார்கள். பரப்பைத் தூரத்தால் வகுப்பதால் இந்த எண்ணுக்கு அலகு உண்டு: அங்குலம். 0.63 என்பது மில்லிமீட்டரில் 16. ஒரே சக்கரத்துக்கு வரும் கூடுகளை ஒப்பிட மட்டுமே இது பயன்படும். சிறிய டர்போவின் 0.64ஐயும் பெரியதன் 0.63ஐயும் பக்கத்தில் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. டர்போ தயாரிக்கும் மிட்சுபிஷியும் ஹோல்செட்டும் பரப்பையே சதுர சென்டிமீட்டரில் சொல்கின்றன. மிட்சுபிஷியின் டிடி05 வரிசையில் பெயரின் கடைசியில் வரும் 10.5 அதுதான்.

நிஸ்ஸானின் 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 6,500 லிட்டர். 95 விழுக்காடு நிரம்பினால் சுமார் 6,200. 1 பார் பூஸ்ட்டில் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்), காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு அடர்த்தி 1.8 மடங்கு என்று கொண்டால் நிமிடத்துக்கு 13 கிலோ காற்று. பெட்ரோல் எஞ்சினில் கிலோவுக்கு ஏறத்தாழ 22 குதிரைத்திறன் என்று வைத்தால் 290 கிடைக்கும். இந்தக் கணக்கு காற்றழுத்தியைத் தேர்ந்தெடுக்க உதவும். அழுத்திக்கூட்டின் ஏ/ஆரை மாற்றிப் பெரிய பலனில்லை. சுழலிக்கூட்டில்தான் வண்டியின் குணமே மாறும்.

இந்த எஞ்சினுக்கு கேரெட் நிறுவனத்தின் ஜிடி2871ஆர் டர்போ பூட்டினால் 0.64, 0.86 என்று இரண்டு கூடுகள் கிடைக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு 0.64. எப்போதும் மேல்சுற்றிலேயே ஓட்டும் பந்தய வண்டிக்கு 0.86. தேவைக்கு மீறிச் சிறிய கூடு போட்டால் பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் மேல்சுற்றில் கூட்டுக்கு முன்னால் புகை தேங்கி அழுத்தம் ஏறும். அது பூஸ்ட்டைப்போல் இரு மடங்கை நெருங்கும்போது சூடான புகை சிலிண்டரிலேயே தங்கி, பெட்ரோல் எஞ்சின் நாக் அடிக்கத் தொடங்கும்; அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும். பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சுழலிக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டில் ஒரு செப்புக்குழாய் பூட்டி அந்த அழுத்தத்தையும் அளக்க வேண்டும். கூடு பெரிதாகிவிட்டால் டர்போ சோம்பும். டீசல் எஞ்சின் பூஸ்ட் ஏறும்வரை கரும்புகை தள்ளும்.

கூட்டை மேனிஃபோல்டோடு இணைக்கும் முகமான 'பிளாஞ்ச்' பழைய பிரெஞ்சில் 'பக்கம், விலா' என்று பொருள்படும் சொல்லோடு உறவுடையது. தமிழில் 'இணைப்பு விளிம்பு' எனலாம். டி3, டி4 முதலில் டர்போக் குடும்பங்களின் பெயர்கள். டி3 சுழலியோடு டி4 அழுத்தியைக் கோத்த கலப்பு டர்போக்களும் வந்தன. இன்று அந்த எண்கள் விளிம்பின் வாயையும் போல்ட் இடைவெளியையும் மட்டுமே சொல்கின்றன. 'டி4 டர்போ' என்று கேட்டு வாங்கினால் எந்தச் சக்கரமும் உள்ளே இருக்கலாம். டி25 சிறிய எஞ்சின்களுக்கு. எஸ்ஆர்20இல் கம்பெனி மேனிஃபோல்டே அதுதான். டி3 நடுத்தரம். டொயோட்டாவின் 3 லிட்டர் 2ஜேஇசட்டை ஒற்றை டர்போவுக்கு மாற்றுவோர் பெரும்பாலும் டி4 எடுப்பார்கள். டி6 பெரிய டீசலுக்கு.

டி3, டி4 இரண்டிலும் நடுவில் தடுப்பு உள்ள வகையும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் விட்டுவிட்டுத் தள்ளும் புகை அலைகளைக் கலக்கவிடாமல் தனித்தனிக் குழாயில் சுழலிக்குக் கொண்டுபோகும் இந்த யோசனையும் புக்கியுடையதே. 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினில் 1, 4 ஒரு வழி. 2, 3 மறு வழி. ஆறு சிலிண்டரில் முன் மூன்றும் பின் மூன்றும். தடுப்புள்ள கூட்டைத் தடுப்பில்லாத மேனிஃபோல்டில் பூட்டினால் கூடு வீண். அலைகள் வாசலிலேயே கலந்துவிடும்.

போல்ட்டுகளுக்குப் பதிலாக வரும் வி-பேண்டு என்ற இணைப்பு ஒரே வளையத்தால் இறுகும்; கூட்டை விரும்பிய கோணத்துக்குத் திருப்பலாம். ஆனால் ஆண், பெண் விளிம்புகள் ஒரே வகையாக இருக்க வேண்டும். வேறு வகைகளைச் சேர்த்தால் வளையம் இறுகியதுபோல் தோன்றும், புகை கசியும். கூட்டை எப்படித் திருப்பினாலும் நடுப்பகுதியின் எண்ணெய் வடிகுழாய் நேர்கீழிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்தால் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகப் புகைவழிக்குள் இறங்கும். சைலன்சரில் நீலப்புகை வரும். போல்ட் விளிம்பானால் பூட்டும் முன் நேர்விளிம்புப் பட்டையை முகத்தில் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல், கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டால் பயனில்லை. கேஸ்கெட்டின் துளை புகைவழிக்குள் நீட்டக் கூடாது. நட்டுகளைக் குறுக்காக முறுக்கி, எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பின் மறுபடியும் இறுக்க வேண்டும்.