மூச்சை அடக்க அவசரம் எதற்கு?

மூச்சுப் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் முதல் வகுப்பிலேயே "எவ்வளவு நேரம் மூச்சை அடக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். யோகம் கற்பிக்கும் எனக்கு இந்த அவசரம் கவலை தருகிறது.

ஆகாயத்திலிருந்து காற்றும், காற்றிலிருந்து நெருப்பும் தோன்றின என்கிறது தைத்திரீய உபநிடதம். ஆகாயத்தின் குணம் ஓசை. காற்றில் அதனுடன் ஊறும், அதாவது தொடுவுணர்வும், சேர்கிறது. உருவமற்ற காற்றை நாம் தொடுவுணர்ச்சியால் அறிகிறோம். அதனால்தான் மூச்சின் கால அளவை எண்ணத் தொடங்கும் முன் நாசி நுனியில் கவனம் வைக்கச் சொல்கிறேன். உள்ளே போகும் மூச்சு குளிர்ச்சியாகவும் வெளியே வருவது வெதுவெதுப்பாகவும் படும். அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டியதில்லை.

பூரகம் (மூச்சை உள்ளிழுத்தல்) 16, கும்பகம் (அடக்குதல்) 64, ரேசகம் (வெளிவிடுதல்) 32 மாத்திரை (கால அளவு) என்று திருமூலர் கணக்குச் சொன்னார். இதைப் படித்தவர்கள் நேராக 64-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் வாயுவை மெல்ல மெல்ல வசப்படுத்த வேண்டும், தவறினால் அது பயில்பவனையே அழிக்கும் என்று ஹட யோக பிரதீபிகை என்ற யோக நூல் எச்சரிப்பது ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை.

அளவு மீறியதை உடலே காட்டிக்கொடுக்கும். தாடை இறுகும், தோள்கள் காதை நோக்கி ஏறும். நான் முக்கியமாகக் கவனிப்பது அடுத்த பூரகத்தை. அது சத்தமின்றிச் சீராக வந்தால் சரி. மூச்சு வெடுக்கென்று உள்ளே பாய்ந்தால், அதற்கு முன் அடக்கியது அதிகம். அடுத்த சுற்றில் குறைத்தே ஆக வேண்டும்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளில் வேறோர் ஆபத்து. விரல் நுனி மரத்து, தலை சுற்றும்போது "குண்டலினி எழுகிறது" என்று சிலர் பூரித்துப் போகிறார்கள். பெரும்பாலும் அது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதால் வருவது. உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கும்பகமும் வேகப் பயிற்சிகளும் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அடக்காமல் செய்யும் நாடி சுத்தியை (நாசித் துளைகளில் மாறி மாறி மூச்சுவிடுவதை) பழகலாம். அதிலும் இழுப்பதைவிட விடும் மூச்சு சற்று நீண்டிருந்தால் போதும்.