‘அம்மாவா, அப்பாவா?’ நாங்கள் கேட்காத கேள்வி

“பிள்ளையை எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்? யார்கூட இருக்கணும்னு அவளையே கேளுங்க, அவளே சொல்லிடுவா.”

நான் ஓர் உளவியலாளர். மணவிலக்கு வழக்கில் பிள்ளை யாரிடம் வளர்வது நல்லது என்று ஆராயும் பராமரிப்பு மதிப்பீட்டுக்கு வரும் பெற்றோரில் முதல் தொலைபேசி அழைப்பிலேயே இதைச் சொல்லாதவர்கள் குறைவு. அம்மா சொல்வார். அடுத்த நாள் பேசும் அப்பாவும் அதையே சொல்வார். இருவரும் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. எட்டு வயதில் அதற்குப் பதில் சொல்லிவிட்ட பிள்ளை, என் வாயாலேயே ஒருவரை வேண்டாம் என்றேனே என்ற பாரத்தை வளர்ந்த பிறகும் சுமக்கும். சட்டமும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. திருமணம், மணவிலக்கு பற்றிய சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனப்படி பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் முதல். பெற்றோரின் விருப்பத்தையும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனத்தில் கொள்ளும். விருப்பத்தைத் தெரிந்துகொள்வது வேறு. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று பிள்ளையை நிற்க வைப்பது வேறு.

சரி, அப்புறம் என்னதான் கேட்கிறோம்? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்கிறோம். காலையில் யார் எழுப்புவார்கள், பள்ளிப் பேருந்துக்கு யார் கூட வருவார்கள், கணக்கு வரவில்லை என்றால் யாரிடம் போவாய், ராத்திரி கெட்ட கனவு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவாய். (இங்கே வரும் பிள்ளைகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு சிறுமி தன் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு தண்ணீர் போத்தல்கள். ஒன்று அம்மா வாங்கியது, ஒன்று அப்பா வாங்கியது. வெள்ளிக்கிழமை அப்பா வீட்டு புளோக்கில் மின்தூக்கி ஏறியதும் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு மற்றதை வெளியே எடுத்துவிடுவாளாம். ஞாயிறு மாலை அம்மா வீட்டு மின்தூக்கியில் மறுபடியும் மாற்றுவாளாம். “இல்லாட்டி அவங்க முகம் மாறிடும்” என்றாள். யாரும் அவளைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. ஆனாலும் ஏழு வயதில் அவள் இரண்டு பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் மக்கள் “கஸ்டடி போச்சு” என்று அழுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கஸ்டடி என்பது படிப்பு, சமயம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்ற முக்கிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பு. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்புக்குப் பிறகு, தக்க காரணம் இருந்தாலொழிய அது பெற்றோர் இருவரிடமும் இருப்பதே வழக்கம். பிள்ளை அன்றாடம் யார் வீட்டில் வளரும் என்பதைத்தான் கேர் அண்ட் கன்ட்ரோல் என்கிறார்கள். மற்றவருக்குப் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் நேரம் ஆக்சஸ். சண்டை பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டில்தான். தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் பிள்ளையின் நலன்தான் பேசப்படும்.

பெற்றோரால் உடன்பாட்டுக்கு வர முடியாத வழக்குகளில்தான் நீதிபதி மதிப்பீட்டு அறிக்கை கேட்பார். அதைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகளோ நீதிமன்றத்தின் ஆலோசகர்களோ தயாரிப்பார்கள். சில வழக்குகளில் நீதிமன்ற அனுமதியோடு எங்களைப் போன்ற வெளி உளவியலாளர்களும் வருவதுண்டு. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவோம். பிள்ளையை ஒருமுறை அம்மா அழைத்து வந்தால் மறுமுறை அப்பா அழைத்து வரவேண்டும் என்போம். யார் கையைப் பிடித்து வந்தது என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஆசிரியர், பாலர் பள்ளி, மருத்துவர் ஆகியோரிடம் விசாரிப்போம். இரண்டு வீட்டுக்கும் போவோம்.

வீட்டுக்குப் போவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் அப்பாக்கள் அந்த நாளை நினைத்துப் பயப்படுகிறார்கள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுப் படிப்பு மேசை ஒன்றைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. அறையின் அளவை நான் அளப்பதில்லை. பிள்ளை அந்த வீட்டில் காலணியைக் கழற்றிவிட்டு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பேன். ஒரு வீட்டில் நான்கு வயதுப் பையன் மைலோவைக் கொட்டிவிட்டான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. “பரவாயில்லப்பா, துணி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமே” என்றார். பையன் எழுந்து போய்ச் சரியான இழுப்பறையைத் திறந்தான். இதை எந்த வினாத்தாளாலும் எடுத்துக்காட்ட முடியாது. ஆளுமைச் சோதனைகளைப் பயன்படுத்துகிறோம்தான். ஆனால் இப்படியொரு நேரத்தில் எல்லாரும் தங்களை நல்லபடியாகக் காட்டிக்கொள்ளவே பார்ப்பார்கள், மதிப்பெண்களிலும் அது தெரியும். இன்னார்தான் சிறந்த பெற்றோர் என்று சொல்லும் சோதனை உலகில் எங்குமே இல்லை.

பணிப்பெண்ணிடமும் பேசுவதுண்டு. பிள்ளைக்கு எந்தக் கறி ஒத்துக்கொள்ளாது என்பது பல வீடுகளில் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவருடைய வேலை அனுமதி பெற்றோரில் ஒருவர் கையில் இருக்கிறது. பிடிக்காததைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடு பேசுபவரின் சொல்லை அதற்கேற்பத்தான் எடைபோட வேண்டும்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், பாட்டி தமிழில் சொல்வார். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, “சொன்னா கேக்கலைன்னா ரெண்டு போடுவேன்” என்றார். அதை அப்படியே ‘அடிக்கிறார்’ என்று மொழிபெயர்த்து எழுதினால் ஒரு குடும்பத்தின் கதையே மாறிவிடும். நம் பேச்சில் சகஜம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. எதனால், எங்கே, எத்தனை முறை, தழும்பு விழுந்ததா என்று கேட்டேன். தமிழ் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு இன்னும் வரவேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

என்னை மிகவும் வருத்துவது சொல்லிக்கொடுத்து அழைத்து வரப்படும் பிள்ளைகள். ஆறு வயதுச் சிறுவன் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “அப்பா பொறுப்பில்லாதவர், ஜீவனாம்சம் தரமாட்டார்” என்றான். ஜீவனாம்சம் என்றால் என்ன என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினான். சிறு பிள்ளைகளின் நினைவு எவ்வளவு எளிதாக வளையும் என்பதற்கு 1995ல் வெளியான லைக்ட்மன், செசி ஆய்வு நல்ல சாட்சி. பாலர் பள்ளி ஒன்றுக்கு ஒருவர் இரண்டு நிமிடம் வந்து, எதையும் தொடாமல் போய்விடுகிறார். அவர் எதையும் உடைத்துவிடும் ஆள் என்று முன்பே கேட்டிருந்து, பிறகு வழிகாட்டும் விதமான கேள்விகளும் கேட்கப்பட்ட சிறு பிள்ளைகளில் பலர் அவர் புத்தகத்தைக் கிழித்தார், பொம்மையை அழுக்காக்கினார் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் அவர்கள் மனதில் வைத்ததைத் திருப்பித் தந்தார்கள்.

இதை ஒரு பக்கமாக மட்டும் படித்துவிடாதீர்கள். பெரியவர்களின் சொற்களில் பேசுவதாலேயே பிள்ளை சொல்வது பொய்யாகிவிடாது. உண்மையாகவே அடிபட்ட பிள்ளையும் அம்மாவின் வார்த்தைகளைக் கடன் வாங்கித்தான் பேசும். அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த வீட்டில் வன்முறை இருந்ததா, பயம் இருந்ததா என்றுதான். அதைப் பார்க்காமல் ‘அம்மா மனதைக் கெடுத்துவிட்டார்’ என்று எழுதுவது ஆபத்து. மணவிலக்குக் குடும்பங்களை ஆராய்ந்த ஜோன் கெல்லியும் ஜேனட் ஜான்ஸ்டனும் 2001லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள்: தகுந்த காரணத்தோடு விலகும் பிள்ளை வேறு, காரணத்துக்குப் பொருந்தாத அளவு வெறுப்போடு விலகும் பிள்ளை வேறு. இரண்டும் கலந்திருக்கும் வீடுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“ஒரே ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க” என்று மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை அழைத்து வருபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வழக்குக்குச் சான்றாக வைக்க, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையை உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ காட்டி மதிப்பீடு செய்யக் கூடாது என்பது விதி. பிள்ளை ஒரே கதையை நான்கு அறைகளில் நான்கு அந்நியர்களிடம் சொல்ல நேர்வதைத் தடுக்கத்தான் அது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஆலோசனை தருபவரும் மதிப்பீட்டாளராக மாற முடியாது. அந்த அறையையாவது பிள்ளைக்கு விட்டுவைக்க வேண்டும்.

நீதிமன்றம் கேட்டு வாங்கும் பராமரிப்பு மதிப்பீட்டு அறிக்கை நீதிபதிக்கு மட்டும் உரியது. பெற்றோரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் அதைப் பார்க்க முடியாது. தன் பிள்ளையைப் பற்றிய அறிக்கையைத் தானே படிக்க முடியாதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் “இதை அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதை எங்காவது பத்திரமாக வைக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுப்பவர் நீதிபதி. அவர் பிள்ளையிடம் நேரில் பேசலாம். பிள்ளைக்காகத் தனியாக ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம்.

இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோரில் ஒருவர் முறையின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும், சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் குறித்த ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. ஜூன் விடுமுறைக்குச் சென்னை போகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளையை மற்றவர் பார்ப்பது பல ஆண்டுப் போராட்டமாகிவிடும். நிரந்தரமாக ஊருக்குப் போக விரும்பினால் நீதிமன்றத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். அதற்கும் வழி இருக்கிறது.

கடைசியாகத் தீபாவளி. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை, பங்கிட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஒரே நாள். எண்ணெய்க் குளியல் யார் வீட்டில், புதுத்துணி யார் வீட்டில் என்று பிரமாணப் பத்திரங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருந்த ஒரு வழக்கு. அம்மா காலை ஆறு மணியிலிருந்து வேண்டும் என்றார், அப்பாவும் அதே ஆறு மணியைக் கேட்டார். பத்து வயதுப் பையனிடம் தீபாவளி அன்று என்னவெல்லாம் நடக்கும், சொல்லு என்றேன். காலையைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் ஈசூனில் பெரியம்மா வீட்டில் அக்காமார் எல்லாரும் கூடி, கீழே விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் மத்தாப்பு கொளுத்துவார்களாம். போன வருஷம் ஐந்து மணிக்கு அவனை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

இரண்டு பத்திரங்களையும் மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். சாயங்காலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.