கோச்சைத் துரத்தியது நீங்கள் இல்லை

ஹூஸ்டனில் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. மார்ச் வந்தால், படித்த கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பணம் கட்டிய ரசீதோடு யாராவது வந்துவிடுவார்கள். இந்த வாரம் வந்தவர் நாலாவது ஆள்.

"மூவாயிரம் டாலர் சார், நன்கொடையில கழிச்சிடுங்க. எங்க கோச்சைத் துரத்தினதே நாங்க கொடுத்த பிரஷர்லதான்."

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கான தொகை. முன்பு இதில் 80 சதவீதம் கழிக்கலாம். 2018 முதல் ஒரு சென்ட்கூட முடியாது. இதை எத்தனை வருஷம் சொல்வது?

சரி, வரியை விடுங்கள். 'அணி தோற்றது, ரசிகர்கள் கத்தினோம், கோச் போனார்' என்ற நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியது 2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள்தான் அவர் அணி 51-10 என்று ஜெயித்திருந்தது! கத்தலுக்குப் பஞ்சமே இல்லை, அது பல மாதங்களாக இருந்தது. பஞ்சம் சுமார் 7.6 கோடி டாலருக்குத்தான். 2031 வரை உத்தரவாதமான ஒப்பந்தம் அது, இடையில் அனுப்பினாலும் மீதிச் சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். 60 நாளுக்குள் 1.9 கோடி, பிறகு வருஷத்துக்கு 70 லட்சத்துக்கு மேல். அவர் வேறு வேலைக்குப் போனாலும் குறையாது. முதல் தவணைக்கு நன்கொடையாளர் அமைப்பான டுவெல்த் மேன் ஃபவுண்டேஷன் கைகொடுக்கும் என்று ஆனபிறகுதான் கதை முடிந்தது.

யார் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. ஆபர்ன் பல்கலைக்கழகம் 2020இல், அதுவும் கொரோனா வருஷத்தில், ஆறு வெற்றி நாலு தோல்வி என்று முடித்த கோச் கஸ் மால்ஸானை அனுப்ப 2.1 கோடிக்கு மேல் ஒப்புக்கொண்டது. அந்த மாதிரித் தொகைக்கு விளையாட்டு இயக்குநர் போன் போடுவது நாலைந்து பெரிய பூஸ்டர்களுக்கு, அதாவது அணிக்குப் பணத்தைக் கொட்டும் பணக்காரர்களுக்கு. உங்கள் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஷரத்தைப் படியுங்கள், ஸ்கோரை அப்புறம் பாருங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பாக்கி ஐந்து கோடிக்குப் பக்கம். புது வேலைச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்ததால், அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் 90 லட்சத்தில் தீர்ந்தது. ஃபிஷர் ஒப்பந்தத்தில் அந்த விதி இல்லை. ஃபிஷரை முதலில் வேலைக்கு எடுத்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் பிறகு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போய், கோச் பிரையன் கெல்லிக்குப் பத்து வருஷம், 9.5 கோடி எழுதினார். 2025இல் கெல்லியின் வேலை போனது, யாரிடம் தோற்றபிறகு? டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம்தான்! சில நாளில் உட்வர்டும் வெளியேறினார்.

பணம் கட்டுமுன் தயவுசெய்து மூன்று வேலை செய்யுங்கள். இது இருக்கைக்கா, நன்கொடைக்கா என்று கேளுங்கள். ஸ்காலர்ஷிப்புக்குத்தான் போகவேண்டும் என்றால் எழுத்தில் குறிப்பிடுங்கள். 'தேவைப்படும் இடத்துக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டால் அது எங்கும் போகலாம். மார்ச்சில் ரசீதைக் காட்டாமல், பணம் கட்டுவதற்கு முன்பே படிவத்தை என்னிடம் காட்டுங்கள்.

மூவாயிரத்தை நீக்கிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த சீசனுக்கும் போன வாரமே கட்டிட்டேன் சார்" என்றார்.