“வசனத்தைக் காட்டுங்கள்” என்று கேட்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் புராட்டஸ்டன்ட் சபை ஆயராக ஊழியம் செய்யத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. “அதற்கு வேதத்தில் வசனம் எங்கே?” என்ற ஒரே கேள்வியால் உடைந்துபோன குடும்பங்களில், இந்த ஆண்டு நான் போய் உட்கார்ந்து பேசியது இது மூன்றாவது வீடு. பர்கூருக்கு அருகே மாந்தோப்பு வைத்திருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் அது. மூத்த மகனின் மனைவி எங்கள் சபையில் பிறந்தவர் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். இறந்துபோன தாயாரின் முப்பதாம் நாள் பூசைக்கு வரமாட்டேன் என்று இளையவர் சொல்லிவிட்டார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவர், ஐந்தாறு ஆண்டுகளாக, எந்தப் பெரிய சபைப் பிரிவையும் சேராத சுயாதீன சபை ஒன்றுக்குப் போய்வருகிறார். “இறந்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி வசனம் இருந்தா காட்டுங்க பாஸ்டர், இப்பவே வர்றேன்” என்றார்.

மேசைமேல் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, சிவப்பு மையால் வரிக்கு வரி கோடிட்ட, ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் இருந்த இளையவருடைய பரிசுத்த வேதாகமம். மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், தாயாருடையது. அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் அதன்மேலேயே இருந்தது. அடையாளத்துக்கு வைத்த பழைய பஸ் டிக்கெட் ஒன்று பக்கங்களுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்தது. மூத்தவர் அந்தத் திருவிவிலியத்தை எடுத்து, தம்பியின் வேதாகமத்தில் இல்லாத இரண்டாம் மக்கபேயர் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே இறந்தவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி செலுத்தச் செய்ததைக் காட்டினார். “அது பைபிளே இல்லை” என்றார் தம்பி.

நான் அவரிடம் கறுப்பு வேதாகமத்தின் பொருளடக்கத்தைத் திறக்கச் சொன்னேன். “இந்த அறுபத்தாறு புத்தகங்கள்தான் வேதம் என்பதற்கு வசனம் காட்டுங்கள் தம்பி.” அவர் தயங்காமல் வெளிப்படுத்தல் இருபத்திரண்டாம் அதிகாரத்துக்குப் போனார். ஒன்றையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்னும் அந்த எச்சரிக்கை “இந்தப் புத்தகத்திலுள்ள” தீர்க்கதரிசனத்தைப் பற்றியது. யோவான் அதை எழுதியபோது அவர் கையில் கறுப்பு உறை போட்ட தொகுப்பு ஏதும் இல்லை. இதே எச்சரிக்கை உபாகமம் நான்காம் அதிகாரத்திலும் இருக்கிறது. அதையும் இப்படியே வாசிப்பதானால், உபாகமத்துக்கு அடுத்து வரும் யோசுவா முதல் எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டியதுதான். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை.

எனக்கு ஆற்றாமை தருவது இந்த இடம்தான். வேதம் வானத்திலிருந்து கட்டுப்போட்ட புத்தகமாக இறங்கியதுபோலவும், திருச்சபைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாததுபோலவும் மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று ஏறக்குறைய எல்லாத் தரப்பினரும் ஏற்கும் புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களையும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு 367-இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) கடிதம். எபிரேயர் நிருபத்தைப் பற்றியும் வெளிப்படுத்தலைப் பற்றியும் அதற்கு முன்னும் பின்னும் சபைகளுக்குள் வாக்குவாதம் இருந்தது. பழைய ஏற்பாட்டில் மக்கபேயர் போன்ற நூல்களை, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர்கூடத் தூக்கி எறியவில்லை. வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை என்று சொல்லித் தம் 1534-ஆம் ஆண்டு வேதாகமத்தில் தனிப் பகுதியாக அச்சிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1546-இல் அவற்றைத் திருமுறைக்குள், அதாவது வேத நூல்களின் பட்டியலுக்குள், உறுதிசெய்தது. அண்ணன் தம்பி இருவரும் நம்பியிருந்தது முன்னோர் ஒப்படைத்த ஒரு பட்டியலைத்தான். அண்ணனுக்கு அது தெரிந்திருந்தது, தம்பிக்குத் தெரியவில்லை.

பாரம்பரியம் என்ற சொல்லே நம் மக்களுக்குக் கசப்பதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ஹென்றி பவர் குழுவினரின் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்ளும் இடத்தில் “பாரம்பரியம்” என்று இருக்கிறது. இரண்டாம் தெசலோனிக்கேயர் 2:15-இல் பவுல், “வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது” தாம் உபதேசித்தவற்றைக் கைக்கொள்ளுங்கள் என்னும் இடத்தில் “முறைமைகள்” என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல்தான், பரதோசிஸ். தமிழை மட்டும் வாசிப்பவருக்கு, கண்டிக்கப்படும் பாரம்பரியம் கண்ணில் படுகிறது. கட்டளையிடப்படும் பாரம்பரியம் வேறு பெயரில் மறைந்துபோகிறது.

அதற்காக, காலங்காலமாக நடப்பதெல்லாம் சரி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக இருக்கை பிரித்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பியதும் பாரம்பரியம் என்ற பெயரில்தான் நடந்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்கவேண்டும் என்று எழுதியபோது, வழக்கத்தைக் காட்டி எதிர்த்தவர்கள் பலர். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்னும் கலாத்தியர் 3:28-க்கு முன்னால் அந்த வழக்கம் நிற்காது. பாரம்பரியத்தை நியாயம் விசாரிக்கும் அதிகாரம் வேதத்துக்கு உண்டு என்பது என் உறுதியான நம்பிக்கை. இறந்தோருக்கான மன்றாட்டை ஒரு கோட்பாடாக நானும் ஏற்பதில்லை. அதை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் தாயின் நினைவு நாளில் கூடப்பிறந்தவரோடு ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது என்பதற்கு வசனம் எங்கே என்று தம்பியையும் கேட்டேன்.

அடுத்து எனக்கு ஆற்றாமை தருவது, “மூல கிரேக்கத்தில்” என்று தொடங்கும் பிரசங்கங்கள். வல்லமை என்னும் பொருளில் பவுல் எழுதிய தூனமிஸ் என்னும் சொல்லுக்கு டைனமைட் என்று பொருள் சொல்லி, கிரானைட் குவாரியில் பாறை தெறிப்பதைக் கையால் நடித்துக் காட்டிய ஒருவரை நானே கேட்டிருக்கிறேன். நோபல் தம் வெடிபொருளுக்கு அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் எடுத்தது 1867-இல். பவுலுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? அன்பைக் குறிக்கும் அகாபே என்ற சொல்லுக்குத் தெய்வீக அன்பு மட்டுமே பொருள் என்பதும் இப்படித்தான். உடன் ஊழியனான தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப்போனான் என்னும் இடத்திலும் அதே சொல்லின் வினைவடிவம்தான் வருகிறது. படித்தவர் சொன்னார் என்பதற்காக நம்பவும் வேண்டாம், படித்தவர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். பெரோயா ஊரார் பவுலையே சோதித்துப் பார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதினார்.

தயவுசெய்து இனி யாராவது ஒரு வசனத்தைச் சொல்லக் கேட்டால் அதன் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட விளக்கத்தைச் சபை முன்பு எப்போதாவது சொல்லியிருக்கிறதா, அல்லது போன மாதம் யூடியூபில் முளைத்ததா என்று மூத்தவர்களிடம் விசாரியுங்கள். “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்” என்பதைக் காட்டிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம், தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகத் திராட்சரசம் சொன்னவரும், இன்னோர் உடன் ஊழியர் துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தவரும் பவுல்தான் என்று சொல்லிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர்த் தம்பி முப்பதாம் நாளுக்கு வரவில்லை. மறு வாரம் வந்து, தாயாரின் திருவிவிலியத்தைக் கண்ணாடியோடு கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். பஸ் டிக்கெட் இருந்த இடம் எது என்று அண்ணி இப்போது என்னிடம் விசாரிக்கிறார். நான் பார்க்கவில்லை.