எஸ்போசிதோ: சொல்லும் பொருளும்

நேப்பிள்ஸ் நகரில் எங்கு திரும்பினாலும் காதில் விழும் குடும்பப் பெயர் எஸ்போசிதோ. இத்தாலி முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் மிகுதியானோர் தாங்கும் பெயர்களில் இதுவும் ஒன்று. 1889இல் அரசி மார்கரீத்தாவுக்குப் பீட்சா சுட்டுக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ரஃபாயேலே, தத்துவ அறிஞர் ரொபேர்த்தோ, கனடாவின் ஐஸ் ஹாக்கிச் சகோதரர்கள் ஃபில், டோனி ஆகிய அனைவரும் எஸ்போசிதோக்களே. இத்தனை பேர் சுமக்கும் இந்தப் பெயருக்கு 'வெளியே வைக்கப்பட்ட குழந்தை' என்று பொருள்.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த 'எக்ஸ்போனெரே' என்ற வினையிலிருந்து வந்தது 'எக்ஸ்போசித்துஸ்', அதாவது வெளியே வைக்கப்பட்டவன். வணிகக் கண்காட்சிகளை நாம் 'எக்ஸ்போ' என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். இன்றைய இத்தாலிய மொழியில் அந்தச் சொல் 'எஸ்போஸ்தோ' என்று சுருங்கிவிட்டது. குடும்பப் பெயரோ பழைய லத்தீன் வடிவத்தை அப்படியே காத்து நிற்கிறது. அழுத்தமும் பழைய இடத்திலேயே, 'போ' என்ற அசையில் விழுகிறது.

வைத்தது யார், எங்கே? நேப்பிள்ஸின் பழைய நகர்ப் பகுதியில், ஃபோர்செல்லாவை ஒட்டி, அன்னுன்சியாத்தா என்ற பெரிய அறநிலையம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதன் வெளிச்சுவரில் ஒரு திறப்பு. உள்ளே மரத்தாலான சுழலும் உருளை. அதை 'ரோத்தா', அதாவது சக்கரம், என்பார்கள். குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் அது சுவருக்கு உட்புறம் போய்விடும். வைத்தவரின் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்க முடியாது. அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். வறுமை, மணமாகாத தாய்மை, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுதல் என வைத்தவர்களுக்குக் காரணங்கள் பல. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தும் பல பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே வாங்கிய குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள்: வந்த நாள், உடுத்தியிருந்த துணி, கழுத்தில் ஏதேனும் அடையாளம் இருந்தால் அதுவும். சில தாய்மார் பதக்கத்தையோ காசையோ உடைத்து, ஒரு பாதியைப் பிள்ளையோடு அனுப்பி மறு பாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். என்றாவது வந்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான். ஃபிளாரன்ஸ் நகரின் இன்னொசெந்தி குழந்தைகள் இல்லத்தின் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட அரைத்துண்டுகளை இன்றும் பார்க்கலாம். பிறகு குழந்தை செவிலித்தாயிடம் போகும். வளர்ந்து ஆளாகாமலே இறந்த பிள்ளைகள் ஏராளம்.

பதிவேட்டில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத எதுவும் இல்லை. அங்கே எழுதப்பட்ட சொல்தான் 'எக்ஸ்போசித்துஸ்'. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் (1545–63) பிறகு பங்குக் கோவில்கள் திருமுழுக்குப் பதிவேடு வைப்பது கட்டாயமாயிற்று. குடும்பப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இறுகின. ஒரு குழந்தையின் நிலையைக் குறித்த சொல் இப்படித்தான் பேரப்பிள்ளைகளின் பெயராகவும் ஆனது.

நேப்பிள்ஸில் மட்டும் நடந்ததல்ல இது. ஃபிளாரன்ஸில் புருனெல்லெஸ்கி வடிவமைத்த குழந்தைகள் இல்லத்தின் பெயரால் 'இன்னொசெந்தி' (மாசற்றவர்கள்) என்ற குடும்பப் பெயர் வந்தது. விவிலியத்தில் ஏரோது அரசனால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் நினைவு அதில் உண்டு. மிலானில் குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா. அதனால் அங்கே 'கொலம்போ'. ரோம் பக்கத்தில் 'புரொயெத்தி', எறியப்பட்டவர்கள். கேட்கவே வலிக்கும் பெயர். சிசிலியில் 'திரொவாத்தோ', கண்டெடுக்கப்பட்டவன். நிகழ்ச்சி ஒன்றுதான். ஓர் ஊர் வைத்தவரின் செயலைப் பெயராக்கியது, இன்னோர் ஊர் எடுத்தவரின் செயலை. எனக்கு இவற்றில் திரொவாத்தோதான் மிகவும் பிடித்தது.

ஆனால் கொலம்போ என்ற பெயர் உள்ளவர் எல்லாரும் இந்த வழி வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கடலோடி கிறிஸ்தோஃபொரோ கொலம்போவின் (நாம் கொலம்பஸ் என்பவர்) தந்தை ஜெனோவா நகரில் கம்பளி நெய்தவர். குடும்பம் தெரிந்த குடும்பம்.

பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் சுமை. 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட ஜொவாக்கிம் முரா, இனி எந்தக் குழந்தைக்கும் எஸ்போசிதோ என்று பெயரிடக் கூடாது என்று தடை செய்தார். அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்குப் புதிது புதிதாகப் பெயர்கள் புனைந்து வைத்தார்கள். அன்னுன்சியாத்தாவின் சக்கரம் 1875இல் மூடப்பட்டது. அதற்குள் எஸ்போசிதோ ஆயிரக்கணக்கான வீடுகளில் குடியேறிவிட்டது. இன்று நேப்பிள்ஸில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பிறப்பை ஆராய்வதில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல் எது? 'அனாதை' பொருந்தாது, பெற்றோர் இல்லாத பிள்ளை என்பது அதன் பொருள். 'கைவிடப்பட்டவர்' என்று பலர் எழுதுகிறார்கள். அது விட்டவரின் மேல் தீர்ப்புச் சொல்கிறது, லத்தீன் சொல்லில் அந்தத் தீர்ப்பு இல்லை. 'தூக்கியெறியப்பட்டவர்' என்பது புரொயெத்திக்கு உரியது. 'புறத்தே வைக்கப்பட்டவர்' என்பதே எழுத்துக்கு எழுத்து சரியான ஆக்கம். பேச்சு நடைக்கு 'வைத்துவிட்டுப் போன பிள்ளை' போதும். வைத்தல் என்ற வினையை மட்டும் விட்டுவிடக் கூடாது. எடுப்பார் உண்டு என்று தெரிந்த இடத்தில்தான் அந்தக் குழந்தையை வைத்தார்கள்.

இந்த ஆக்கமெல்லாம் பொருள் விளக்கத்துக்குத்தான். ஆளைக் குறிக்கும்போது பெயரை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்க்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டைப் பார்த்து 'எஸ்போசிட்டோ' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. இத்தாலியரின் நாவில் அது பல்லொலித் தகரம், 'ட' அல்ல; ஆகவே எஸ்போசிதோ. 'ஸ்போசிதோ', 'தெஸ்போசிதோ' என்று எழுதப்படுபவை இதே பெயரின் வேறு வடிவங்கள். பொலோஞா பக்கத்து 'தெலி எஸ்போஸ்தி' இதற்கு உறவான பெயர்.