சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது

கிரய உடன்படிக்கை, அதாவது சொத்தை விற்பதற்கான ஒப்பந்தம், தொடர்பான வழக்கில் பிரதிவாதி வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, அதைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவும் முடிந்து, பிரதிவாதிக்குப் பதிலாக நீதிமன்றமே கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுத்த பிறகு, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் பலர் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். சென்ற வாரமும் அப்படி ஒரு பெரியவர் வந்தார். வட்டிக்கு வாங்கிய கடனுக்கு ஈடாக வீட்டின் பேரில் உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்த அவரிடம், அது கடன்தான் என்பதைக் காட்டக்கூடிய வகையில், மாதந்தோறும் வட்டி அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவுகள் இருந்தன. சம்மன் வந்ததா என்று கேட்டதற்கு, "தபால்காரர் கொண்டுவந்தார் சார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லையே" என்றார். நீதிமன்றத்தில் உள்ள வழக்குக் கட்டைப் பார்த்தால், திரும்பி வந்த உறையின் மேல் 'பெற மறுத்தார், அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது' என்று தேதியோடு எழுதியிருந்தது. அவருடைய வழக்கைத் தோற்கடித்தது அந்த ஒரு வரிதான்.

சம்மனில் கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கு நடக்காது என்ற இந்த நம்பிக்கையை ஊருக்கு ஊர் யார் பரப்புகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் படித்தவர்கள், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்கூட அதைச் சட்டம் போலச் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சம்மனை வாங்க மறுத்தார் என்ற குறிப்புடன் உறை திரும்பினால், அது முறைப்படி சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகவே, நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற ஊழியர் நேரில் வரும்போது நீங்கள் வீட்டில் இல்லாமல், விரைவில் திரும்புவதற்கான வாய்ப்பும் இல்லாவிட்டால், உடன் வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர் எவரிடமும் கொடுக்கலாம். அவர் மருமகளாக இருந்தாலும் செல்லும், வீட்டு வேலை செய்பவரிடம் கொடுத்தால் செல்லாது. மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வேண்டுமென்றே ஒளிந்து திரிகிறீர்கள் என்று நீதிமன்றம் கருதினால், உங்கள் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் விளம்பரம் செய்ய உத்தரவிடலாம். அதை நீங்கள் படித்தீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. குற்ற வழக்கில் வராதவரைப் பிடியாணை பிறப்பித்துக் கொண்டுவருவதைப் பார்த்துப் பழகியவர்கள், சொத்து வழக்கிலும் தாம் வரும்வரை நீதிபதி காத்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உரிமையியல் வழக்கில் உங்களை யாரும் இழுத்து வர மாட்டார்கள். பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, வாதியின் சாட்சியத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு, தீர்ப்புக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

"உண்மை என்னவென்று நீதிபதிக்குத் தெரியாதா?" என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது. அவர் முன் வைக்கப்பட்ட ஆவணத்தையும் சாட்சியத்தையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகம் பீரோவில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மாவட்ட ஆட்சியரிடமும் முதலமைச்சரின் தனிப்பிரிவிலும் மனுக் கொடுத்துவிட்டு, அந்த ரசீதுகளைப் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. நிலுவையில் உள்ள வழக்கை நிறுத்தவோ தீர்ப்பை மாற்றவோ நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்றம்கூடத் தொலைபேசியில் கூப்பிட்டு எதையும் மாற்றாது. மேல்முறையீடு, சீராய்வு என்று உரிய மனு வந்தால்தான் தலையிடும். நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலையும் நாள்களிலும் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோர 30 நாள்கள்தான் உண்டு. சம்மன் உண்மையிலேயே முறையாகச் சார்வாகாதவருக்கு அந்த 30 நாள்கள் தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். வாங்க மறுத்தவருக்கோ தீர்ப்பாணை நாளிலிருந்தே தொடங்கிவிடும். பெரியவர் தவறவிட்டது இதைத்தான். தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம், போட்டிருக்கிறோம். ஆனால் போதிய காரணம் காட்ட வேண்டும். 'மறுத்தால் போதும் என்று ஊரில் சொன்னார்கள்' என்பதைக் காரணமாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுத எந்த வழக்கறிஞருக்கும் கை வராது.

ஆகவே சம்மன் வந்தால் வாங்குங்கள். வாங்குவது எதையும் ஒப்புக்கொண்டதாகாது. அதில் குறித்துள்ள நீதிமன்றம், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி மூன்றையும் பார்த்துவிட்டு அதே வாரத்தில் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வ பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய, சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாள்கள், காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள்கள் வரை. வக்காலத்தில் கையெழுத்திட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வழக்கறிஞர்களிலும் வாய்தாவைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள், இதைச் சொல்வதற்காகச் சக வழக்கறிஞர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது என்பதை நீங்களே பார்க்கலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயவுசெய்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இவர்களும் சட்டம் குறிப்பிடும் வேறு சில பிரிவினரும் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழு பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். செல்லும்போது சம்மனோடு வந்த பிராது (வாதியின் வழக்கு மனு) நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாமல் உங்கள் மேல் என்ன வழக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.